தாய்த்தொட்டி

தூத்துக்குடியில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெண்ணை இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். முதலில் தொட்டியைப் பார்க்கிறார்கள். கூடத்தில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் நீல வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் பவளம். பவளம் கிளைவிட்டு நின்றால் அந்த வீட்டில் ஒழுங்கும் பொறுமையும் இருக்கிறது என்று அர்த்தம். வெளுத்துக் கிடந்தால், காபியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் தொடங்கி ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. கடல் சூடேறி, தீவுகளைச் சுற்றியிருந்த பவளமெல்லாம் வரிசையாக வெளுத்துச் செத்தபோது, பிழைத்திருந்த துண்டுகளைப் பவளக் காப்பகம் வெட்டி எடுத்து வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு நோய் வந்து மொத்தமாகப் போய்விடும் என்று பயந்து, ஒரு வீட்டுக்கு ஒரு வகை என்று பிரித்துக் கொடுத்தார்கள். கடலுக்கு மேல் நிழல்விரிப்பு போட்டுத் தண்ணீரைக் குளிர்விக்கும் வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அந்த வேலை, எல்லா வேலைகளும் நடக்கிற வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அதுவரை வளர்ப்புப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர்கள் பொறுப்பு. தண்ணீரை அளந்து காட்டுகிற சென்சாரையும், பவளத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றுகிற மெஷினையும் காப்பகமே ஒவ்வொரு தொட்டியிலும் பொருத்தியிருந்தது.

அமலோற்பவத்தின் வீட்டுத் தொட்டிக்குத் தாய்த்தொட்டி என்று பெயர். ஊரில் உள்ள தொட்டிகளிலேயே எந்தத் தொட்டியின் தண்ணீர் அலுங்காமல் குலுங்காமல் ஒரே சீராக இருக்கிறதோ, அதைக் காப்பகம் தாய்த்தொட்டியாக அறிவிக்கும். அமலோற்பவம் வீட்டுக்கு அந்தப் பட்டம் வந்ததிலிருந்து கோயில் திருவிழாவில் அவளுக்கு முன்வரிசை நாற்காலி. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் சால்வை. நெட்டையான உருவம், கனத்த குரல், இதெல்லாம் முன்பே இருந்ததுதான். இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்திருந்தது.

ஆகவே பாக்கியசீலியின் வீட்டுப் பவளம் நுனி வெளுக்க ஆரம்பித்ததும், அவள் காப்பகத்துக்குச் சொல்லியனுப்பவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த அமலோற்பவத்தைத்தான் கூப்பிட்டாள்.

அது மான்கொம்புப் பவளம். வான்தீவின் ஓரத்தில் தப்பிப் பிழைத்த கடைசிக் கொத்திலிருந்து வந்தது. அந்த வகை உலகத்தில் வேறெங்கும் மிச்சமில்லை என்று கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். இப்போது அதன் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சதை கருகி, உள்ளே இருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அமலோற்பவம் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். உப்பைப் பார்த்தாள், சரியாக இருந்தது. விளக்கைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள். மீன்களைப் பார்த்தாள், அவை தங்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. பாக்கியசீலியும் அவள் மகன் ரெக்சனும் பின்னால் கைகட்டி நின்றார்கள். வைத்தியர் நாடி பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி.

அவளுக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தாய்த்தொட்டி வீட்டுக்காரி தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளுக்கும் அது வாயில் வந்து பழக்கமில்லை. அந்த நேரம் பார்த்து ரெக்சனின் மனைவி ஜெனோவா காபித் தட்டோடு வந்தாள். மணப்பாட்டுப் பெண். கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை, உள்ளங்கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஏளா பாக்கியம், தொட்டிக்குள்ள யாரு கைய விடுதா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"எனக்குக் குனிய முடியலன்னு இவட்டதான் குடுத்திருக்கேன், யக்கா. கண்ணாடி தொடைக்க, தீனி போட."

"இந்தக் கையோடயா?"

எல்லோரும் ஜெனோவாவின் கையைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பிடித்திருந்ததால் கையை மறைக்க வழியில்லை.

"கடையில விக்கிற மருதாணியில என்னென்ன மருந்து கலக்குதான்னு யாருக்குத் தெரியும். அது எறங்கியிருக்கு. பச்சப் புள்ள மாதிரி ஒரு சீவன், தாங்குமா?"

"நான் கையுற போட்டுக்கிட்டுத்தான் விடுவேன், பெரியம்மா," என்றாள் ஜெனோவா.

"கையுறயில ஓட்ட இருந்தா உனக்குத் தெரியவா போவுது?"

கையுறையில் ஓட்டை இல்லை என்று யாரால்தான் நிரூபிக்க முடியும்? ரெக்சன் தரையைப் பார்த்தான். பாக்கியசீலி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. அமலோற்பவம் காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பிறகு நடந்ததை யாரும் பெரிய சண்டையாகச் சொல்லவில்லை. சண்டை நடக்கவே இல்லை. தொட்டிப் பக்கம் போகாதே என்றார்கள். பிறகு சமையலறையில் அவள் தொட்ட பாத்திரத்தை ஒருதரம் கழுவிக்கொண்டார்கள். ஒரு கல்யாணவீட்டில் யாரோ "மருதாணிக்காரி வாரா" என்று சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பவளம் இன்னும் கொஞ்சம் கருகியதும், "நாலு நாள் அம்மா வீட்ல இருந்துட்டு வா" என்று மணப்பாட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். நாலு நாள் என்பதற்கு நம் வீடுகளில் என்ன கணக்கு என்பது போகிறவளுக்குத் தெரியும்.

அதற்குள் மற்ற வீடுகளிலும் பவளம் கருக ஆரம்பித்தது. எல்லோரும் அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். ஒரு வீட்டில் கல்லூரிக்குப் போகிற பையன் அடிக்கிற சென்ட் காரணம் என்றாள். இன்னொரு வீட்டில் புதிதாக அடித்த பெயின்ட். மற்றொரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவருக்குத் தேய்க்கிற தைலம். அவர் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். போகிற வீட்டிலெல்லாம் ஒரு குற்றவாளி கிடைத்துக்கொண்டே இருந்தான். பவளம் மட்டும் பிழைக்கவில்லை.

கடைசியில் காப்பகத்திலிருந்து நிறைமதி வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி, நாற்பதை நெருங்குகிற வயது. வெயிலில் வீடு வீடாக அலைந்து முகம் கறுத்திருந்தது. எல்லா வீட்டையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அமலோற்பவத்தின் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அமலோற்பவத்தின் கணவர் தனிஸ்லாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எல்லாப் பக்கமும் ஒரே நோவுதானுங்க," என்றாள் நிறைமதி. "சுண்ணாம்புச் சத்து மிஞ்சிப்போச்சு. பவளம் எலும்பு கட்டறதுக்கு அது வேணும். ஆனா தேவைக்கு மேல போனா, எலும்பு வேகமா வளரும், மேல சதை கூடவே வளர முடியாது. நுனி கருகிடுது. சென்ட்டும் மருதாணியும் இல்லீங்க."

அமலோற்பவத்துக்கு அந்தக் கடைசி வார்த்தை தைத்தது. "சுண்ணாம்புத் தண்ணிய மெஷின்தான ஊத்துது?" என்றாள்.

"அங்கதானுங்க குழப்பம். ஒவ்வொரு வீட்டு மெஷினும் தானா முடிவு பண்றதில்ல. எல்லாத்துக்கும் சேத்து காப்பகத்துல ஒரு மூளை இருக்குது. அது தாய்த்தொட்டியப் பாத்து, அங்க எவ்வளவு ஊத்துதோ அதே கணக்குல மத்த வீட்டுக்கும் ஊத்தச் சொல்லுது. நல்லா இருக்கறவங்களப் பாத்து மத்தவங்க கத்துக்கட்டும்னுதான் அப்படி வெச்சது."

"அப்ப மத்த வீட்டுத் தண்ணியில சுண்ணாம்பு ஏறுனது அந்த மூளைக்குத் தெரியலயா? வீட்டுக்கு வீடு சென்சார் இருக்குல்லா?"

"தெரிஞ்சுதுங்க. ஆனா நம்பல." நிறைமதி மோரை ஒரு வாய் குடித்தாள். "பவளம் வளர வளரத் தேவை கூடும்னு உங்க வீட்டு மெஷின மூளை வாரா வாரம் ஜாஸ்தி ஜாஸ்தியா ஊத்தச் சொல்லிட்டு வருது. ஆனா உங்க தண்ணியில துளி மாத்தமில்ல. இத்தன ஊத்தியும் தாய்த்தொட்டி நல்லா இருக்குது, மத்த வீட்டுல மட்டும் ஏறுதுன்னா, அந்த வீட்டுச் சென்சாருங்க அழுக்காயிருக்கும், தப்பாக் காட்டும்னு மூளை முடிவு கட்டிடுச்சு. அவங்க சொல்றதத் தள்ளிட்டு உங்க கணக்கையே ஊத்துச்சு."

அமலோற்பவத்தின் கை முந்தானையைத் தேடிப் பிடித்தது. அதில் பாதிக் காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மெஷின் ஊற்றுகிற சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவள் தொட்டிக்குள் போவதில்லை. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே மெஷின்மேல் நம்பிக்கை இல்லை. அதன் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து, துணி துவைக்கிற மெஷினின் கழிவுக்குழாயில் சொருகிவிட்டிருந்தாள். தொட்டிக்கு அவளே காலையில் பவளத்தின் நுனியைப் பார்த்து, எவ்வளவு வேண்டும் என்று மனதில் பட்டதோ அவ்வளவு கையால் ஊற்றுவாள். அதனால்தான் பவளம் அப்படி வளர்ந்தது. அதில் அவளுக்குப் பெருமைதான்.

"எங்க தொட்டியச் சோதிச்சுப் பாக்கலயா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று இருந்தது.

நிறைமதி சிரித்தாள். "உங்க தொட்டிய எதுக்குங்க சோதிக்கணும்? இத வெச்சுத்தானே மத்ததச் சோதிக்கறோம். மூளையிலதான் ஏதோ கோளாறு, நான் மறுபடி பாக்கறேன்."

அவள் ஆட்டோவில் ஏறிப் போனதும் அமலோற்பவம் நேராகத் தொட்டியின் பின்பக்கம் போனாள். குழாய் சாக்கடைக்குப் போவது அவளுக்குத் தெரியும். ஆனால் சாக்கடைக்கு எவ்வளவு ஊற்றினாலும், அவள் கையால் ஊற்றுகிறபோதாவது தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்பின் அளவு கொஞ்சம் ஏறி இறங்கத்தானே வேண்டும். அது எப்படி ஒரே சீராக நின்றது? சென்சாரின் வயரைப் பிடித்துக்கொண்டு கையைத் தடவிக்கொண்டே போனாள். வயர் தொட்டிக்குள் போகவில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு பாட்டிலுக்குள் போயிற்று. சென்சார் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக் காப்பகம் எல்லா வீட்டுக்கும் கொடுத்த மாதிரித் தண்ணீர்ப் பாட்டில். கடல் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே அளந்து செய்து, மூடி போட்ட தண்ணீர்.

தனிஸ்லாஸ் மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றார்.

"நீங்களா?" என்றாள்.

"அன்னைக்குக் காப்பகத்து ஆளுவ பாக்க வந்தாவல்லா," என்றார் அவர். "நீ கையால ஊத்துனதுல நம்பர் மேலயும் கீழயும் குதிச்சுது. அவியளுக்கு முன்னால உன் மூஞ்சி வாடிப்போச்சு. பவளம் நல்லாத்தான இருக்கு, நம்பர்தான சரியில்லன்னு, ஒரு நாளைக்கு மட்டும் இதுல முக்கி வச்சேன். மறுநாளே நம்ம வீட்டத் தாய்த்தொட்டின்னு சொல்லிட்டாவ. பொறவு எப்படி எடுக்க, நீயே சொல்லு?"

அவளால் அவரைத் திட்ட முடியவில்லை. வயரைப் பாட்டிலுக்குள் விட்டது அவர். குழாயைச் சாக்கடைக்குள் விட்டது அவள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டும் சேர்ந்து ஊரில் உள்ள நல்ல தண்ணீரையெல்லாம் கெடுத்துவிட்டது. அவள் சனிக்கிழமைதோறும் அந்த இடத்தைத் துடைக்கிறவள். பாட்டிலைப் பார்த்திருக்கிறாள். ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. சால்வை போர்த்தும்போது அப்படிப்பட்ட கேள்விகள் யாருக்கும் வருவதில்லை. இப்போது அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

அன்றைக்கே சென்சாரைத் தொட்டிக்குள் போட்டாள். குழாயையும் தொட்டியோடு சேர்த்தாள். கழிவுக்குழாயில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து கிடந்ததைத் தேய்த்துக் கழுவினாள்.

"யார்ட்டயும் சொல்ல வேண்டாம்," என்றார் தனிஸ்லாஸ். "இனி தன்னால சரியாயிரும்லா."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அந்த வழிதான் பிடித்திருந்தது.

தன்னால் சரியாகவும் ஆயிற்று. தாய்த்தொட்டியின் நம்பர் குதித்ததைக் கண்டதும் மூளை அதைக் கைவிட்டது, மட்டக்கடைப் பக்கம் ஒரு வீட்டைத் தாய்த்தொட்டி ஆக்கியது. வீடுகளில் சுண்ணாம்புத் தண்ணீர் குறைந்தது. கொஞ்ச நாளில் பவளங்களின் கருகிய நுனியில் ஊசிமுனை அளவுக்குப் புதுச் சதை எட்டிப் பார்த்தது. பட்டம் போனதற்கு அமலோற்பவம் வருத்தப்படவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது, அப்படி இருந்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் பாக்கியசீலி மக்ரூன் டப்பாவோடு வந்தாள்.

"யக்கா, வாயத் தெறங்க," என்று ஒன்றை எடுத்து ஊட்டியேவிட்டாள். "நம்ம பவளம் துளிர் விட்டுட்டு. நீங்க சொன்னது அப்படியே சரியாப் போச்சு. அவ வீட்ட விட்டுப் போனா, இது பிழைச்சுக்கிடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

அமலோற்பவத்தின் வாயில் மக்ரூன் கரைந்துகொண்டிருந்தது. முந்திரியும் சீனியும் அவ்வளவு கசப்பாக இருந்து அவள் கண்டதில்லை.

"ஏ பாக்கியம், மத்த வீட்லயும்தான துளிர் விட்டிருக்கு. அங்கல்லாம் யாரு போனா?"

"அங்கல்லாம் நீங்க போனிய. சென்ட்ட நிறுத்துனாவ, கட்டில மாத்துனாவ. எல்லாம் நீங்க சொன்னதுதான? உங்க தொட்டியில உள்ள நல்லதையெல்லாம் எங்களுக்குத் தந்துட்டு நீங்க கீழ எறங்கிட்டிய. ஊரே அப்படித்தான் பேசுது." பாக்கியசீலி குரலைத் தாழ்த்தினாள். "நேத்து பங்குச் சாமியார்ட்ட பேசியாச்சு. ரெக்சனுக்கும் அரைமனசு வந்துட்டு. இந்தக் கல்யாணத்த எப்படியாச்சும் இல்லன்னு ஆக்கிடணும். திருச்சபையில விசாரிச்சா நீங்க ஒரு வார்த்த சொல்லுவியளா?"

சொல்லிவிட்டிருக்க வேண்டிய நேரம் அதுதான். அமலோற்பவம் மக்ரூனை விழுங்கி, "பாப்போம்" என்றாள். பாக்கியசீலி போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தான் வாயைத் திறக்காமல் சரிசெய்த காரியமே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகப் போய் நின்றுவிட்டது. பவளம் செத்திருந்தால்கூட ஜெனோவாமேல் சந்தேகம்தான் இருந்திருக்கும். இப்போது பிழைத்ததால் அது நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் நிறைமதியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், பாட்டிலையும் சாக்கடையையும் ஒன்றுவிடாமல்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றாள் நிறைமதி. குரலில் கோபம் இருந்தது, அதை அடக்கிக்கொண்டு பேசினாள். "இனிமே தாய்த்தொட்டியையும் சோதிக்கணும்னு எழுதறேன். ஆனா வெளிய சொல்றப்ப, மூளையில கோளாறு, சரி பண்ணியாச்சுன்னுதானுங்க மேல இருந்து சொல்லுவாங்க. வீட்டுக்காரங்க பேர் எதுவும் வராது."

"பேரு வரணும். ஒரு பிள்ளையோட வாழ்க்க இருக்கு."

"அப்ப நீங்களேதான் சொல்லணும், அம்மா. எங்க சொல்லிக் கெடுத்தீங்களோ அங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அன்பியக் கூட்டம் பாக்கியசீலியின் வீட்டில் இருந்தது. அக்கம்பக்கத்துத் தெருக்களில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து செபம் சொல்லி, டீ குடித்து, ஊர்க்காரியம் பேசுகிற கூட்டம். அமலோற்பவம் பாட்டிலை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாள். செபம் முடிந்ததும் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், அன்றைக்கும் நிறுத்தினார்கள்.

"உங்க வீட்டுப் பவளமெல்லாம் கருகுனதுக்குக் காரணம் நாங்கதான்," என்றாள். "எங்க தொட்டியில நம்பர் சீரா இருந்ததே பொய். சென்சார இந்தப் பாட்டிலுக்குள்ள வச்சிருந்தோம். சுண்ணாம்புத் தண்ணிய நான் சாக்கடைக்கு விட்டேன். எங்க கணக்கப் பாத்துத்தான் உங்க மெஷினெல்லாம் அளவுக்கு மீறி ஊத்திச்சு. ஜெனோவா ஒண்ணும் செய்யல. அவ கைய நான் வாய்க்கு வந்தபடி குத்தம் சொன்னேன். எனக்குக் காரணம் தெரியல, தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு அந்தப் பிள்ளய மாட்டிவிட்டேன்."

பாட்டிலை வெளியே எடுத்துக் காட்டினாள். எச்சில் துப்பினாலும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அவள் தயாராகித்தான் வந்திருந்தாள். உண்மையில் அதற்காக ஏங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் பேசியது சென்ட் அடிக்கிற பையனின் அப்பா. "இந்தப் பாட்டில் எங்க வீட்லயும் இருக்குல்லா, யக்கா," என்றார் மெதுவாக.

"எல்லார் வீட்லயும் இருக்கு," என்றது இன்னொரு குரல்.

"காப்பகத்துலருந்தே மூளையில கோளாறுன்னு அறிவிப்பு வந்துட்டு. இவிய எதுக்குத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாவ?"

எல்லோரும் தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். அமலோற்பவமும் பார்த்தாள். அவர் ஒருவர் ஆமாம் என்றால் போதும். வயரைப் பாட்டிலில் வைத்த கை அவருடையது. அவர் மடியில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ அப்படித்தான்," என்றார். "யாருக்காச்சும் கஷ்டம்னா தாங்கமாட்டா."

அவ்வளவுதான். பாக்கியசீலி எழுந்து ஓடிவந்து அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதேவிட்டாள். "யக்கா, யாரோ ஒரு மணப்பாட்டுப் பிள்ளைக்காக இம்புட்டுப் பழிய ஏத்துக்கிடுதியளே. உங்களுக்கு இருக்க மனசுல பாதி எனக்கு இல்லாமப் போச்சே. சரி, உங்களுக்காக அவள மன்னிச்சு விட்டுருதேன். போதுமா?"

"மன்னிக்க அவ எதுவும் செய்யல, பாக்கியம். நான் சொல்லுதது நெசம்."

"நெசந்தான், நெசந்தான்," என்று பாக்கியசீலி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், குழந்தையைத் தேற்றுவதுபோல. கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின்வரிசையில் யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அமலோற்பவம் கணவரோடு பேசவில்லை. அவரும் அவளுக்குப் பின்னால் ஒதுங்கியே நடந்தார். வாசற்படியில் ஏறும்போது மட்டும், "உன்ன எல்லாரும் காறித் துப்புறத என்னால பாக்க முடியாது" என்றார். அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட, தன்மேல் வந்த அருவருப்புதான் அதிகமாக இருந்தது.

ஜெனோவாவை ரெக்சன் போய் அழைத்து வந்தான். அன்றைக்குச் சாயந்திரம் அமலோற்பவத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று ஆள் வந்தது. போனாள். கூடத்தில் தொட்டி நீலமாக ஒளிர்ந்தது. மான்கொம்பின் நுனிகள் எல்லாம் இளம்பச்சையாகத் தழைத்திருந்தன. அது செத்துப்போகவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய ஆறுதல். ஜெனோவா தொட்டியிலிருந்து தள்ளி, கதவோரம் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் மருதாணி மறைந்து நகத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வா இங்க," என்றாள் பாக்கியசீலி மருமகளிடம். "பெரியம்மா இல்லன்னா நீ இந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்ட, தெரியும்லா? நன்றி சொல்லு. தொட்டிப் பக்கம் மட்டும் போவாத, மத்தபடி உன் வீடு மாதிரி இரு."

"ரொம்ப நன்றி, பெரியம்மா," என்றாள் ஜெனோவா. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த குரல்.

பாக்கியசீலி டீ போட உள்ளே போனாள். ரெக்சனும் அம்மாவுக்குப் பின்னாலேயே போனான். அவனுக்கு மனைவியோடு தனியாக நிற்க இன்னும் தைரியம் வரவில்லை.

ஜெனோவா முதல்முறையாக அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாள். "கூட்டத்துல நீங்க பேசுனத அத்த எங்கிட்ட சொன்னாவ, பெருமையா. எனக்காகப் பொய் சொன்னியளாம்." சற்று நிறுத்தினாள். "அது பொய்யா?"

"இல்ல. அத்தனையும் நெசம்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது. பெரிய மனசுக்காரவிய அன்னைக்கு என் கையப் பாத்து அப்படிப் பேசியிருக்க மாட்டாவ."

அமலோற்பவத்தால் நிமிர முடியவில்லை. "இப்பவே எல்லாத்தையும் கூப்பிடுதேன். எல்லார் கண்ணு முன்னாலயும் நீ தொட்டிக்குள்ள கைய விடு. பவளம் அப்படியே இருக்கும். அப்ப நம்பித்தான ஆவணும்."

"நாளைக்குக் கரண்ட் போயி அது வாடிச்சுன்னா?" என்றாள் ஜெனோவா. "அடுத்த வாரம் ஒரு மீன் செத்துச்சுன்னா? என் கைதான்னு சொல்லுவாவ. நான் எதுக்கு, பெரியம்மா, நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும்? நான் ஒண்ணும் செய்யலயே."

உள்ளே டீ கொதிக்கிற வாசனை வந்தது. பாக்கியசீலி ஏதோ சொல்ல, ரெக்சன் சிரித்தான்.

"நான் என்ன செய்யணும், சொல்லு," என்றாள் அமலோற்பவம். அவள் வாழ்க்கையில் தன்னைவிட இளையவர்கள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"அன்னைக்குச் சொன்னத இன்னொரு தரம் சொல்லுங்க. உள்ள கேக்கற மாதிரி."

அமலோற்பவம் சமையலறைப் பக்கம் திரும்பினாள். கனத்த குரல் அவளுக்கு இருந்தது, அதை எடுத்தாள். "பாக்கியம், உங்க பவளம் கருகுனதுக்கு நாங்கதான் காரணம். சென்சாரப் பாட்டிலுக்குள்ள வச்சிருந்தோம். ஜெனோவா ஒண்ணும் செய்யல."

பாக்கியசீலி தட்டில் டீயோடு வெளியே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "யக்கா இன்னும் அத விடலயா? நீங்க மனுஷியே இல்ல, தெய்வம். எடுத்துக்கிடுங்க, சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

அமலோற்பவம் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஜெனோவாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"நாளைக்கும் வாங்க, பெரியம்மா," என்றாள் ஜெனோவா. "இவிய நம்புற வரைக்கும் வந்து சொல்லுங்க."

"ஆமா யக்கா, தினமும் வாங்க," என்றாள் பாக்கியசீலி சந்தோஷமாக. "நீங்க வந்தாலே இந்த வீட்டுக்கு நல்லது."

மறுநாள் காலையில் அமலோற்பவம் வந்து சொன்னாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஒவ்வொரு நாளும் அவர்கள் டீ கொடுத்தார்கள்.